தவறைச் சொன்னவருக்கு அபராதம்

2020 அக்டோபர் 24 அன்று அமெரிக்காவின் ஆக்ஸ்ஃபோர்டு நகரில் மிசிசிப்பி பல்கலைக்கழக அணியும் ஆபர்ன் பல்கலைக்கழக அணியும் கால்பந்தில் மோதின. ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மிசிசிப்பி உதைத்தனுப்பிய பந்து ஆபர்ன் வீரர் ஒருவரின் கையில் உரசியதா இல்லையா என்று ஒரு கேள்வி எழுந்தது. உரசியிருந்தால், பின்னாலேயே ஓடிவந்து பந்தைக் கைப்பற்றிய மிசிசிப்பிக்கு ஆறு புள்ளிகள். உரசவில்லை என்று நடுவர்கள் சொன்னார்கள். ஆட்டத்தை நிறுத்தி ஒளிப்பதிவைப் பார்க்கவும் இல்லை. ஆபர்ன் 35-28 என்று வென்றது. பிறகு, நடுவர்களை நியமித்த கல்லூரிக் கூட்டணியான தென்கிழக்கு கான்ஃபரன்ஸே, ஆட்டத்தை நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்ட கையோடு மிசிசிப்பியின் தலைமைப் பயிற்சியாளர் லேன் கிஃபினுக்கு 25,000 டாலர் அபராதமும் விதித்தது. நடுவர்களைக் குறைகூறிய ஒரு ட்விட்டர் பதிவை அவர் மறுபகிர்வு செய்தார் என்பதுதான் குற்றம்.

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ரசிகர்களின் நெடுநாள் கோபத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நடுவர் தவறு செய்கிறார் என்பது அந்தக் கோபத்தின் மேல்தோல்தான். தவறு நடந்ததை ஏற்றுக்கொண்ட பிறகும் இழந்தவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. சுட்டிக்காட்டியவர் ஊரறியத் தண்டிக்கப்படுகிறார். தவறிழைத்தவருக்கு என்ன ஆனது என்பது பெரும்பாலும் வெளியே வருவதில்லை. நடுவரை நியமிப்பதும், அவருக்குச் சம்பளம் கொடுப்பதும், அவர் தீர்ப்பைப் பரிசீலிப்பதும், விமர்சிப்பவரைத் தண்டிப்பதும், ஆட்டத்தைத் தொலைக்காட்சிக்கு விற்றுப் பணம் பார்ப்பதும் ஒரே அமைப்பு. கோபத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் முடிவு. நூற்றாண்டுக்கு மேற்பட்ட இந்த விளையாட்டின் சில முக்கிய வழக்குகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் அது புலப்படும்.

நம் ஊரில் ஆடும் கால்பந்து வேறு, இது வேறு. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்க்கும் ஆட்டம் இது. பத்து கெஜம் முன்னேற ஓர் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொரு முயற்சிக்கும் 'டவுன்' என்று பெயர். நான்கிலும் முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். இலையுதிர்கால சனிக்கிழமைகளில் இதைப் பார்க்க மிஷிகன், டென்னசி, டெக்சஸ் பல்கலைக்கழக அரங்குகளில் ஒரு லட்சம் பேர் திரளுகிறார்கள். அலபாமா, நெப்ராஸ்கா, ஓக்லஹோமா மாநிலங்களில் முதல்தரத் தொழில்முறைக் கால்பந்து அணியே கிடையாது. பல்கலைக்கழக அணிதான் அங்கே ஊரின் அணி, தாத்தா படித்த கல்லூரியின் அணி. பருவம் முழுவதும் பன்னிரண்டு ஆட்டங்கள்தான். ஒன்றிரண்டில் தோற்றாலே தேசியப் பட்டக் கனவு கலைந்துவிடும். 2014 முதல் நான்கு அணிகளும் 2024 முதல் பன்னிரண்டு அணிகளும் இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகின்றன. அதற்கு முன்பு அந்த வாசல் இன்னும் குறுகல். நடுவரின் ஒரு தண்டனைக்கொடி வீச்சு ஓர் ஆண்டையே கொண்டுபோய்விடக்கூடிய ஆட்டத்தில் ரசிகர் நிதானமாக இருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

இந்த விளையாட்டின் வரலாற்றில் 'ஐந்தாவது டவுன்' என்ற பெயரில் இரண்டு ஆட்டங்கள் பேசப்படுகின்றன. இரண்டுக்கும் இடையில் ஐம்பது ஆண்டுகள். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

முதலாவது 1940 நவம்பர் 16. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் ஹானோவரில் டார்ட்மவுத் கல்லூரியை கார்னெல் பல்கலைக்கழகம் எதிர்த்தது. கார்னெல் அப்போது தோல்வியே அறியாமல் தொடர்ந்து ஆடிவந்த அணி. டார்ட்மவுத் 3-0 என்று முன்னிலையில் இருக்க, கடைசி நொடிகளில் கார்னெல் எல்லையைத் தொட்டு 7-3 என்று வென்றது. ஆட்டம் முடிந்தபின் படச்சுருளைப் போட்டுப் பார்த்தபோது, தலைமை நடுவர் ரெட் ஃப்ரீசல் கணக்குத் தவறி கார்னெலுக்கு ஐந்தாவது முயற்சியைக் கொடுத்திருந்தது தெரிந்தது. அவர் தன் தவறை எழுத்திலேயே ஒப்புக்கொண்டார். முடிவை மாற்ற விதியில் இடமில்லை. ஆனால் கார்னெல் விதிக்காகக் காத்திருக்கவில்லை. இரண்டே நாளில் டார்ட்மவுத்துக்குத் தந்தி போனது: வெற்றி உங்களுடையது. 3-0 என்பதே இன்றும் பதிவேட்டில் இருக்கிறது. தோல்வியில்லாத பருவத்தை ஒரு பல்கலைக்கழகம் தானாக முன்வந்து விட்டுக்கொடுத்தது. கார்னெலின் பெயர் கால்பந்தில் இன்றளவும் மதிப்போடு சொல்லப்படுவது அந்தத் தந்தியால்தான்.

இரண்டாவது 1990 அக்டோபர் 6. மிசௌரி மாநிலத்தின் கொலம்பியா நகரில் மிசௌரி 31-27 என்று முன்னிலையில் இருந்தது. கொலராடோ எதிரணி எல்லைக்கு மிக அருகில் நின்றது, கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டாவது முயற்சிக்குப் பின் ஆட்டம் சிறிது நிறுத்தப்பட்டபோது, முயற்சியின் எண்ணைக் காட்டும் கம்பம் மாற்றப்படவில்லை. அதனால் மூன்றாவது முயற்சி இரண்டாவதாகவும் நான்காவது மூன்றாவதாகவும் எண்ணப்பட்டன. இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்று நம்பிய கொலராடோ, கடிகாரத்தை நிறுத்த நான்காவது முயற்சியில் பந்தைத் தரையில் அடித்தது. நியாயப்படி ஆட்டம் அங்கே முடிந்திருக்க வேண்டும். ஐந்தாவது முயற்சியில் கொலராடோவின் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் வீரர்) சார்லஸ் ஜான்சன் பந்தோடு கோட்டின் மேல் விழுந்தார். அவர் எல்லையைத் தொட்டாரா என்பதே சந்தேகம் என்று மிசௌரிக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். கொலராடோ 33-31 என்று வென்றது.

அந்த வெற்றியைத் திருப்பிக் கொடுப்பீர்களா என்று கொலராடோ பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னியைக் கேட்டார்கள். மாட்டேன் என்றார், மைதானத் தரை வழுக்கியது என்று குறைபட்டார். பிக் எய்ட் கான்ஃபரன்ஸ் நடுவர் குழுவைக் காலவரையின்றி இடைநீக்கம் செய்தது, முடிவைத் தொடவில்லை. அந்தப் பருவத்தின் இறுதியில் கொலராடோ அசோசியேட்டட் பிரஸ் வாக்கெடுப்பில் தேசிய சாம்பியன் ஆனது. பயிற்சியாளர்கள் வாக்கெடுப்பு தோல்வியே காணாத ஜார்ஜியா டெக்கைத் தேர்ந்தெடுத்தது. பல ஆண்டுகள் கழித்து மெக்கார்ட்னி வருத்தம் தெரிவித்தார். பட்டம் இருந்த இடத்திலேயே இருந்தது.

1940-க்கும் 1990-க்கும் இடையில் மனிதர்கள் கெட்டுப்போனார்கள் என்று நான் சொல்லமாட்டேன். ஓர் ஆட்டத்தின் விலை மாறிவிட்டது. அந்த விலையை நிர்ணயிக்கும் கை யாருடையது என்பதும் மாறிவிட்டது.

கான்ஃபரன்ஸ் என்பது கல்லூரிகளின் கூட்டணி. பிக் டென் என்று இன்று அழைக்கப்படும் கூட்டணி 1896-இல் சிகாகோவில் உருவானபோது அதன் நோக்கம் ஒழுங்கு. மாணவரல்லாதவர்கள் மாணவர் பெயரில் ஆடுவதைத் தடுக்கவும், விளையாட்டைப் பேராசிரியர்களின் கட்டுப்பாட்டில் வைக்கவுமே பல்கலைக்கழகத் தலைவர்கள் கூடினார்கள். தேசிய அமைப்பான என்.சி.ஏ.ஏ. பிறந்தது 1906-இல்தான். வெகுகாலம் தொலைக்காட்சி உரிமை அந்தத் தேசிய அமைப்பின் கையில் இருந்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் தொடுத்த வழக்கில் 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. அதன்பின் கான்ஃபரன்ஸ்கள் தாங்களே விற்பனையாளர்கள் ஆயின. 2023-இல் தொடங்கிய பிக் டென்னின் ஏழாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி டாலருக்கும் மேல். எஸ்.இ.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் தென்கிழக்கு கான்ஃபரன்ஸ் இ.எஸ்.பி.என். நிறுவனத்துடன் பத்தாண்டுக்குச் சுமார் 300 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. ஒழுங்கு காக்கப் பிறந்த அமைப்பு வணிக அமைப்பாக வளர்ந்த பிறகும் நடுவர்களை நியமிக்கும் வேலை மட்டும் பழைய இடத்திலேயே தங்கிவிட்டது. தேசிய அளவில் நடுவர் ஒருங்கிணைப்பாளர் ஒருவர் உண்டு. விதிகளுக்கு எங்கும் ஒரே பொருள் சொல்லப்படுவதைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. யாரை எந்த ஆட்டத்துக்கு அனுப்புவது, யாரைத் திரும்ப அழைக்காமல் விடுவது என்பதெல்லாம் கான்ஃபரன்ஸ்கள் கையில்.

இதன் சிக்கல் 2006 செப்டம்பர் 16 அன்று பட்டவர்த்தனமானது. ஓரிகன் பல்கலைக்கழகம் தன் சொந்த மைதானத்தில் ஓக்லஹோமாவை எதிர்கொண்டது. நடுவர்கள் ஓரிகன் சேர்ந்திருந்த பாக்-10 கான்ஃபரன்ஸைச் சேர்ந்தவர்கள். ஒளிப்பதிவைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்பவரும் அதே இடத்து ஆள்தான். ஓக்லஹோமா 33-27 என்று முன்னிலையில் இருந்தபோது பந்தைத் தானே திரும்பக் கைப்பற்ற ஓரிகன் குறு உதை ஒன்றை அடித்தது. பந்து பத்து கெஜம் போகும் முன் உதைத்த அணி அதைத் தொடக்கூடாது என்பது விதி. ஓரிகன் வீரர் தொட்டார். போதாததற்கு, குவியலிலிருந்து பந்துடன் வெளியே வந்தவர் ஓக்லஹோமா வீரர். இரண்டையும் தொலைக்காட்சியில் நாடே பார்த்தது. பந்து ஓரிகனுக்கே என்று தீர்ப்பு வந்தது. ஓரிகன் 34-33 என்று வென்றது. பாக்-10 மன்னிப்புக் கேட்டு நடுவர் குழுவை ஓர் ஆட்டத்துக்கு இடைநீக்கம் செய்தது. ஆட்டத்தையே பதிவேட்டிலிருந்து நீக்குங்கள் என்று ஓக்லஹோமா பல்கலைக்கழகத் தலைவர் டேவிட் போரன் கேட்டுப்பார்த்தார். நடக்கவில்லை.

அந்த நடுவர்கள் வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. நான் அப்படி நினைக்கவும் இல்லை. ஆனால் ஒரு தரப்பின் கூட்டணி ஆள் தீர்ப்புச் சொல்லும்போது, நேர்மையான தவறையும் யாரும் நேர்மையான தவறாக ஏற்றுக்கொள்வதில்லை. கிரிக்கெட் இந்தப் பாடத்தை முன்பே படித்துவிட்டது. உள்ளூர் நடுவர்கள் மீது எல்லா நாட்டிலும் புகார் இருந்த காலத்தில், 1986-இல் பாகிஸ்தான் – மேற்கிந்தியத் தீவுகள் டெஸ்ட் போட்டிக்கு வி.கே. ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும் இந்தியாவிலிருந்து நடுவர்களாகப் போனார்கள். பாகிஸ்தான் அணித்தலைவர் இம்ரான் கான் அதற்காக வாதாடியவர். 2002 முதல் டெஸ்ட் போட்டிகளில் இரண்டு நடுவர்களுமே பொது நாட்டவர் என்பது வழக்கமானது. அதன் பிறகும் தவறுகள் நடந்தன. ஆனால் 'அவர்கள் ஊர் நடுவர்' என்ற பேச்சு குறைந்தது. கல்லூரிக் கால்பந்திலும் இறுதிச் சுற்று ஆட்டங்களுக்கு இரு அணிகளையும் சேராத வேறு கான்ஃபரன்ஸின் நடுவர்களையே அனுப்புகிறார்கள். அங்கே தேவைப்படும் பொதுத்தன்மை மற்ற சனிக்கிழமைகளில் ஏன் வேண்டாம் என்ற கேள்விக்கு நல்ல பதில் கிடையாது.

ஓரிகன் விவகாரத்திலாவது தவறு மைதானத்துக்குள் நடந்தது. 2018-இல் அதே கான்ஃபரன்ஸ், பாக்-12 என்ற புதிய பெயரில், இன்னும் மோசமான ஒன்றைச் செய்தது. தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துக்கும் செப்டம்பர் 21 அன்று நடந்த ஆட்டத்தில் ஒரு மோதல், தலையைக் குறிவைத்த தாக்குதலா என்று பார்க்கப்பட்டது. ஒளிப்பதிவைப் பார்க்கப் பயிற்சி பெற்ற நடுவர்கள், அரங்கில் இருந்தவரும் சான் ஃபிரான்சிஸ்கோ கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்களும், 'ஆம்' என்று முடிவெடுத்தார்கள். நடுவராகப் பயிற்சியே பெறாத கான்ஃபரன்ஸின் தலைமை வழக்கறிஞர் தொலைபேசியில் குறுக்கிட்டு அதை மாற்றவைத்தார். ஒளிப்பதிவு நடுவர் தன் அறிக்கையில் அதை எழுதிவைத்தார். அறிக்கை பத்திரிகையாளர் கைக்குப் போனதால்தான் விஷயம் வெளியே வந்தது. ஆணையர் லாரி ஸ்காட் தவறை ஒப்புக்கொண்டு, இனி நிர்வாகிகள் தலையிடமாட்டார்கள் என்றார். அந்தக் காகிதம் கசியாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ரசிகர்கள் கேட்டார்கள். சதிப் பேச்சுகளை நான் நம்புவதில்லை. ஆனால் ரசிகர்கள் அவற்றை நம்ப இப்படிப்பட்ட காரணங்களை நிர்வாகமே கொடுக்கிறது.

இடைநீக்கம் என்ற மருந்து எவ்வளவு வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2015 அக்டோபர் 31 அன்று டியூக்குக்கு எதிராக மயாமி அணி கடைசி உதையை எட்டு முறை கைமாற்றி ஓடி 30-27 என்று வென்றது. இடையில் ஒரு வீரரின் முழங்கால் தரையில் பட்டிருந்தது. அதோடு ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். நிமிடக்கணக்கில் ஆலோசித்தும் நடுவர்கள் அதைத் தவறவிட்டார்கள். அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் குழுவை இரண்டு ஆட்டங்களுக்கு நிறுத்திவைத்தது. அடுத்த ஆண்டு செப்டம்பர் 10 அன்று ஓக்லஹோமா ஸ்டேட் அணியை சென்ட்ரல் மிஷிகன் 30-27 என்றே வென்றது. விதிப்படி நேரம் முடிந்த ஆட்டத்துக்கு நடுவர்கள் கூடுதலாக ஒரு முயற்சி கொடுத்திருந்தார்கள். மைதானக் குழுவுக்கும் ஒளிப்பதிவுக் குழுவுக்கும் இரண்டு ஆட்டத் தடை. இரண்டு ஆட்டங்களின் முடிவும் மாறவில்லை. தலைமை நடுவர் ஆட்டம் முடிந்தது என்று அறிவித்தால் புள்ளிகள் இறுதியானவை என்பது விதி. அந்த விதி தேவை என்றே நான் கருதுகிறேன். இல்லாவிட்டால் ஒவ்வொரு சனிக்கிழமை ஆட்டமும் திங்கட்கிழமை நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் திருத்த முடியாத தீர்ப்பைக் கையில் வைத்திருப்பவருக்கு விளக்கம் சொல்லும் கடமை மற்றவர்களைவிட அதிகம்.

விளக்கத்துக்குப் பதிலாகக் கான்ஃபரன்ஸ்கள் வாய்ப்பூட்டைத் தேர்ந்தெடுத்தன. 2009 பருவம் இதில் திருப்புமுனை. அந்த அக்டோபரில் ஜார்ஜியா – எல்.எஸ்.யு. (லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம்) ஆட்டத்தில், புள்ளி எடுத்த ஜார்ஜியா வீரர் ஏ.ஜே. கிரீன் அளவுமீறிக் கொண்டாடியதாகப் பெனால்டி விதிக்கப்பட்டது. ஒளிப்பதிவில் அதற்கு ஆதாரமே இல்லை என்று எஸ்.இ.சி. பிறகு சொன்னது. இரண்டு வாரத்தில் அதே குழு ஃபுளோரிடா – ஆர்கன்சா ஆட்டத்திலும் ஆதாரமில்லாத பெனால்டி கொடுக்க, குழு இடைநீக்கம் ஆனது. பயிற்சியாளர்கள் வாய்திறந்தார்கள். கண்டனக் கடிதத்தால் பயனில்லை, இனி நேரடியாக அபராதம் அல்லது தடை என்று அப்போதைய ஆணையர் மைக் ஸ்லைவ் அறிவித்தார். முதலில் மாட்டியவர் ஃபுளோரிடாவின் அர்பன் மேயர்: 30,000 டாலர். 2016-இல் ஒஹாயோ ஸ்டேட்டிடம் இரண்டாவது கூடுதல் நேரத்தில் தோற்ற மிஷிகன் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் பேச்சுக்காகப் பிக் டென் அவர் பல்கலைக்கழகத்துக்கு 10,000 டாலர் அபராதம் போட்டது. 2024-இல் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்திடம் ஒரே புள்ளியில் தோற்ற கோபத்தில் ஆட்டம் திருடப்பட்டது என்று பேசிய யூட்டா விளையாட்டு இயக்குநர் மார்க் ஹார்லனுக்கு பிக் 12 விதித்தது 40,000 டாலர்.

கான்ஃபரன்ஸ்களின் தரப்பிலும் நியாயம் உண்டு. பல லட்சம் ரசிகர்களைக் கொண்ட பயிற்சியாளர் ஒரு நடுவரைத் திருடன் என்றால், அந்த நடுவரின் வீட்டுத் தொலைபேசி அன்று இரவே அலறும். ஹார்லனின் பேச்சு எல்லை மீறியது, தண்டனை சரி. ஆனால் கிஃபின் பகிர்ந்த குறை உண்மை என்று கான்ஃபரன்ஸே ஏற்றுக்கொண்டது. அவதூறுக்கும் உண்மையான குறைக்கும் ஒரே அபராதச் சீட்டு என்றால், அந்த விதி நடுவரைக் காக்கவில்லை. நிர்வாகத்தின் பெயரைக் காக்கிறது.

வீரர்கள் மீதான தண்டனையிலும் இதே கசப்பு இருக்கிறது. தலையைக் குறிவைத்து மோதினால் வெளியேற்றம் என்ற விதி 2013-இல் வந்தது. மூளைக் காயங்களைத் தடுக்க அது அவசியம்; அதில் எனக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் இரண்டாம் பாதியில் வெளியேற்றப்பட்டவர் அடுத்த ஆட்டத்தின் முதல் பாதியிலும் ஆட முடியாது என்று அந்த விதி சொன்னது. 2018-இல் எல்.எஸ்.யு.வின் டெவின் வைட் மிசிசிப்பி ஸ்டேட்டுக்கு எதிராக நான்காவது கால்பகுதியில் அப்படி வெளியேற்றப்பட்டார். அடுத்த ஆட்டம் அலபாமாவுடன். மேல்முறையீட்டுக்கு அப்போது வழியே இல்லை. லூசியானா ரசிகர்கள் பணம் திரட்டி, எஸ்.இ.சி. தலைமையகம் இருக்கும் பர்மிங்ஹாமில் விளம்பரப் பலகைகளை வைத்தார்கள். எல்.எஸ்.யு. பழைய மாணவரும் அரசியல் ஆலோசகருமான ஜேம்ஸ் கார்வில், கான்ஃபரன்ஸ் அலபாமாவுக்குச் சாய்கிறது என்று வெளிப்படையாகக் குற்றம்சாட்டினார். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை. எனினும் ரசிகர்கள் கேட்ட மேல்முறையீடு நியாயமானதாகவே இருந்தது. 2022-இல் இரண்டாம் பாதி வெளியேற்றங்களைத் தேசிய ஒருங்கிணைப்பாளர் மறுபடி பார்க்க வழி செய்யப்பட்டது. கத்தியவர்கள் கேட்டதில் பாதியாவது சரி என்று விதிப்புத்தகமே ஒத்துக்கொண்டது என்று இதை எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாத் தரப்பையும் ஒருசேரக் கோபப்படுத்திய வழக்கு 2023-இல் வந்தது. மிஷிகன் அணியின் ஊழியர் கானர் ஸ்டாலியன்ஸ், எதிரணிகளின் ஆட்டங்களுக்கு ஆட்களை அனுப்பி, பயிற்சியாளர்கள் கையசைவில் கொடுக்கும் ரகசியக் குறிப்புகளைப் படமெடுக்க வைத்தார் என்பது குற்றச்சாட்டு. எதிரணியின் ஆட்டத்துக்கு நேரில் போய் வேவு பார்ப்பது 1994 முதல் தடைசெய்யப்பட்டது. என்.சி.ஏ.ஏ. விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே, பிக் டென் ஆணையர் டோனி பெட்டிட்டி நவம்பர் 10 அன்று ஹார்பாவை மீதமிருந்த மூன்று வழக்கமான ஆட்டங்களுக்கு இடைநீக்கம் செய்தார். மறுநாள் பென் ஸ்டேட்டுடன் ஆட்டம். மிஷிகன் அணி பயணத்தில் இருந்தது. விசாரணை முடியுமுன் தண்டனையா என்று மிஷிகன் நீதிமன்றம் போனது. ஒரு வாரத்துக்குள் வழக்கை விட்டுவிட்டது. ஹார்பா களத்தில் இல்லாமலே மூன்று ஆட்டங்களையும் வென்ற அணி, 2024 ஜனவரி 8 அன்று தேசியப் பட்டத்தையும் வென்றது. இவ்வளவு தாமதமாக இவ்வளவு சிறிய தண்டனையா என்று ஒஹாயோ ஸ்டேட் ரசிகர்கள் கொதித்தார்கள். விசாரிக்காமல் தண்டித்தீர்களே என்று மிஷிகன் ரசிகர்கள் கொதித்தார்கள். என்.சி.ஏ.ஏ.வின் இறுதித் தீர்ப்பு 2025 ஆகஸ்டில்தான் வந்தது. பல கோடி டாலர் அபராதம் விதித்தார்கள், பட்டத்தைத் தொடவில்லை. அந்த வீரர்களில் பலர் அதற்குள் தொழில்முறை ஆட்டத்துக்குப் போய்விட்டார்கள், ஹார்பாவும் போய்விட்டார்.

பெட்டிட்டியின் முடிவு சரியா தவறா என்பதில் நியாயமானவர்கள் வேறுபடலாம். ஆனால் மற்ற உறுப்புக் கல்லூரிகள் நடவடிக்கை எடுக்கச் சொல்லி அழுத்தம் கொடுக்கும் நிலையில், அந்தக் கல்லூரிகளால் அமர்த்தப்பட்ட ஆணையரே நீதிபதியாக உட்காரும் ஏற்பாடு யாருக்கும் நிறைவு தராது. தண்டனை பெற்றவருக்கும் தராது, தண்டனை கேட்டவருக்கும் தராது.

ரசிகர்களின் பக்கத்திலும் வெட்கப்பட வேண்டியவை இருக்கின்றன. 2021 அக்டோபர் 16 அன்று டென்னசி அரங்கில் நடுவர் தீர்ப்பு ஒன்று பிடிக்காமல் போத்தல்களையும் குப்பைகளையும் வீசினார்கள். கடுகுச் சாறு போத்தல் ஒன்றும் களத்தில் வந்து விழுந்தது. எதிரணிப் பயிற்சியாளர் மேல் கோல்ஃப் பந்து பட்டது. ஆட்டம் சுமார் இருபது நிமிடம் நின்றது. பல்கலைக்கழகத்துக்கு 2,50,000 டாலர் அபராதம். 2024 அக்டோபர் 19 அன்று ஆஸ்டினில் நடந்தது அதைவிடக் கவலைக்குரியது. ஜார்ஜியா எறிந்த பந்தை டெக்சஸ் வீரர் இடைமறித்துப் பிடிக்க, அவர் மீதே பெனால்டி என்று கொடி விழுந்தது. அரங்கிலிருந்து போத்தல் மழை. களத்தைச் சுத்தம் செய்த இடைவேளைக்குப் பிறகு நடுவர்கள் கூடிப் பேசிப் பெனால்டியைத் திரும்பப் பெற்றார்கள். மாற்றிய தீர்ப்பு அநேகமாகச் சரி. அதை மாற்றவைத்தது போத்தல்கள் என்று நாடே நினைத்துக்கொண்டது. தோற்ற டெக்சஸுக்கு 2,50,000 டாலர் அபராதம் விதித்த எஸ்.இ.சி., வீசியவர்களைக் காணொளியில் அடையாளம் கண்டு அரங்கிலிருந்து விலக்கிவைக்கவும் உத்தரவிட்டது. இதில் கான்ஃபரன்ஸ் செய்தது சரி. வீச்சுக்குப் பயந்து தீர்ப்பு மாறும் என்ற எண்ணம் ஒருமுறை வேரூன்றிவிட்டால் நடுவர்களாக நிற்க ஆள் கிடைக்காது.

இப்போதே கிடைப்பதில்லை. கல்லூரி நடுவர்கள் பெரும்பாலும் பகுதிநேரக்காரர்கள். வார நாட்களில் ஆசிரியராகவும் வழக்கறிஞராகவும் விற்பனையாளராகவும் இருப்பவர்கள். எட்டுப் பேர் இருபத்திரண்டு வீரர்களை, ஓர் ஆட்டத்தில் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட முறை, சில நொடிகளில் அளந்து தீர்ப்புச் சொல்ல வேண்டும். 2006 ஓரிகன் ஆட்டத்தின் ஒளிப்பதிவு நடுவருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன. 2017-இல், கல்லூரிக் கூடைப்பந்தில், ஒரு நடுவர் ஒமாஹாவில் நடத்திவந்த கூரை வேலை நிறுவனத்தின் மீது கென்டக்கி ரசிகர்கள் பொய்யான வசைமதிப்புரைகளைக் குவித்தார்கள். இந்த நடுவர்கள் உருவாகி வரும் உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில் 2018-19-க்குப் பிறகு சுமார் 50,000 பேர் விலகியதாக அந்தப் பள்ளிகளின் தேசியக் கூட்டமைப்பே சொன்னது. வசவு அதற்கு முக்கியக் காரணம். இதன்மேல் சூதாட்டமும் வந்து சேர்ந்திருக்கிறது. 2018 மே மாதம் உச்ச நீதிமன்றம் பந்தயத் தடைச் சட்டத்தை நீக்கியபின், ஆட்டம் முடிவாகிவிட்ட கடைசி நிமிடத்துப் பெனால்டிகூட யாரோ ஒருவருடைய பணத்தைத் தொடுகிறது. நடுவர் மீதான சந்தேகத்துக்கு இனி ஊர்ப்பாசம் மட்டும் காரணமாக இருக்காது. இந்த ஒன்றுக்காகவே கான்ஃபரன்ஸ்கள் தங்கள் கதவைத் திறக்க வேண்டும்.

தொழில்நுட்பம் மட்டும் தீர்வாகாது என்பது தெரிந்துவிட்டது. பிக் டென் 2004-இல் ஒளிப்பதிவு மறுபரிசீலனையை முயன்று பார்த்தது. 2006-இல் அது எல்லோருக்கும் பொது விதியானது. ஓரிகன் விவகாரம் நடந்ததும் அதே 2006-இல். குறைவது வெளிப்படைத்தன்மை. அதற்கு முன்மாதிரிகள் உண்டு. அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தான என்.பி.ஏ. 2015 முதல் நெருக்கமான ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடத் தீர்ப்புகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்து, எது சரி எது தவறு என்று மறுநாளே வெளியிடுகிறது. ரக்பியில் நடுவர் பேசுவதை உலகமே கேட்கிறது. எஸ்.இ.சி. 2019-இல் தீர்ப்புகளை விளக்க ஒரு தனி இணையதளம் தொடங்கியது. நல்லதுதான், ஆனால் எதை விளக்குவது என்பதை அதுவே தேர்ந்தெடுக்கிறது. உருப்படியான அடி எடுத்துவைத்தது அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ். 2024-இல் வர்ஜீனியா டெக் எடுத்த கடைசி நொடிப் புள்ளியை ரத்துசெய்து மயாமிக்கு 38-34 வெற்றி கொடுத்த தீர்ப்பு பெரும் சர்ச்சை ஆகியிருந்தது. 2025 பருவத்தில் அந்தக் கான்ஃபரன்ஸ், ஒளிப்பதிவு அறையின் உரையாடலைத் தொலைக்காட்சியில் நேரடியாக ஒலிபரப்ப அனுமதித்தது. தீர்ப்பு பிடிக்காதவர்களுக்கும் அது எப்படிப் பிறந்தது என்று தெரிந்தது.

அடுத்து செய்ய வேண்டியது பெரிய வேலை. நடுவர்களைத் தேர்ந்தெடுப்பது, பயிற்றுவிப்பது, மதிப்பிடுவது, ஆட்டங்களுக்கு அனுப்புவது ஆகிய நான்கையும் கான்ஃபரன்ஸ்களிடமிருந்து எடுத்து, எல்லாக் கான்ஃபரன்ஸ்களும் பணம் கொடுக்கும் ஆனால் எதுவும் கட்டளையிட முடியாத தேசிய அமைப்பு ஒன்றிடம் கொடுக்க வேண்டும். வாரந்தோறும் முக்கியத் தீர்ப்புகளின் மதிப்பீட்டை அது வெளியிட வேண்டும். உண்மை என்று நிரூபணமான குறையைச் சொன்ன எவருக்கும் அபராதம் இல்லை என்று விதியில் எழுத வேண்டும். பல நூறு கோடி டாலர் ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் ஆணையர்களுக்கு இதற்கான செலவு பொருட்டே அல்ல. அவர்கள் விடத் தயங்குவது அதிகாரத்தை. அந்தத் தயக்கம் நீடிக்கும்வரை ரசிகர்கள் பல்கலைக்கழகத் தலைவர்களிடம் எழுதிக் கேட்கட்டும், பழைய மாணவர் சங்கங்களில் தீர்மானம் போடட்டும், பருவச் சீட்டைப் புதுப்பிக்கும் முன் கேள்வி கேட்கட்டும். போத்தலைக் கையில் எடுக்க வேண்டாம்.